எழுந்திருக்கக் கூடாத நாற்காலி

ஐந்து நிமிடம் என்று ஐந்து விரலையும் விரித்துக் காட்டிவிட்டு அந்த நீலக் கோட்டுப் பெண்மணி மனைவி ஆவுடையம்மாளை நாற்காலியோடு தள்ளிக்கொண்டு போய் இருபத்திரண்டு நிமிடம் ஆகிறது. குற்றாலிங்கம் விமான நிலையத்தின் எதிர்ச்சுவரில் இருந்த கடிகாரத்தை இன்னொரு முறை பார்த்தார். ஒன்பது இருபத்தேழு. முன்பு பார்த்தபோது ஒன்பது இருபத்தாறு. முப்பத்துநாலு வருஷம் ஸ்டாப்வாட்சும் விசிலுமாகப் பள்ளிக்கூட மைதானத்தில் நின்ற மனுஷருக்கு ஒரு நிமிடத்தின் நீளம் தெரியாதா என்ன, ஒரு நிமிடத்தில் நானூறு மீட்டர் ஓடிவிடலாம், தென்காசிப் பையன்கள் ஓடியிருக்கிறார்கள், வெறுங்காலோடு, கிணற்றுத் தண்ணீரைக் குடித்துவிட்டு. இங்கே ஓடக்கூட வேண்டாம், எழுந்து நடந்தாலே போதும். ஆனால் நடக்கக் கூடாது. அவர் உட்கார்ந்திருப்பது சக்கர நாற்காலி, சட்டைப் பையில் செருகியிருக்கிற சீட்டு அவர் நடக்க மாட்டாதவர் என்று உலகத்துக்கு அறிவித்துக்கொண்டிருக்கிறது. அந்தக் கால்களுக்கு ஒரு குறையும் கிடையாது. அறுபத்தொன்பது வயதிலும் விடியற்காலம் குற்றாலம் ரோட்டில் நாலு கிலோமீட்டர் வீசி நடந்துவிட்டுத்தான் காப்பி. அந்தக் கால்களைத்தான் இப்போது ஒரு இரும்புத் தகட்டின்மேல் ஒடுக்கி வைத்து, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருக்கிறார். யாரோ ஒரு குழந்தை அவருடைய ஷூவையே பார்த்தது. ஓடுகிறவர்கள் போடுகிற ஷூ. பிரமு வாங்கிக் கொடுத்தது. அவர் மெல்லக் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார், பிறகு நடக்க முடியாதவன் காலை இப்படிச் சுளுவாக இழுப்பானா என்று சந்தேகம் வந்து மறுபடியும் பழைய இடத்தில் வைத்தார், கையால் தூக்கி.

எல்லாம் மகள் பிரமு செய்த ஏற்பாடு. நார்வேயிலிருந்து டிக்கெட் போடும்போதே சொல்லிவிட்டாள். "அம்மாவுக்கு மட்டும் வீல்சேர் போட்டா உங்கள வேற வழியா அனுப்பிருவாங்கப்பா. ரெண்டு பேரும் பிரியாம இருக்கணும்னா ரெண்டு பேருக்குமே போடணும்." "காலு வலிக்கு சார்னு பொய் சொல்லி நெழல்ல உக்காந்த பயலுவள எல்லாம் ரெண்டு ரவுண்டு கூடுதலா ஓடவிட்டவன்ட்டி நான். எனக்கு நடிக்கத் தெரியாது." "நடிக்க வேண்டாம், சும்மா உக்காந்தாப் போதும். எந்திரிச்சு மட்டும் நடந்துராதிய. பொய்னு தெரிஞ்சா அடுத்தவாட்டி தரமாட்டாவ." அடுத்தவாட்டி என்ற சொல் அப்போது அவருக்கு இனித்தது. அடுத்தவாட்டியும் வரலாம் என்று பிள்ளை நினைக்கிறாள், அம்மா இந்த இடுப்போடு இன்னொரு தடவை வருவாள் என்று நம்புகிறாள், அந்த நம்பிக்கைக்காக ஒருவன் நாற்காலியில் உட்கார மாட்டானா. போகும்போது ஒரு தொந்தரவும் இல்லை, ஆளுக்கு ஒருவராக வந்து தள்ளிக்கொண்டு போனார்கள், இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் உருண்டுபோனார்கள், சப்பரத்தில் சாமியும் அம்மனும் போகிற மாதிரி. இன்றைக்கு, திரும்புகிற வழியில், இந்தப் பாலைவன நாட்டு விமான நிலையத்தில், ஆள் ஒருத்தி, நாற்காலி இரண்டு. "ஃபர்ஸ்ட் மேடம்" என்றாள் நீலக் கோட்டு. கூடவே பின்னால் நடந்து போயிருக்கலாம். நடக்க முடியாதவன் எப்படிப் பின்னால் நடப்பது? பிரியாமல் இருக்கப் போட்ட வேஷமே பிரித்துவைத்துவிட்டது. குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம். ஆவுடை கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நீங்க வரலியா?" என்றாள். அவர் சொன்னார், "இந்தா வாரேன். நீ முன்னால போ."

இந்தா வாரேன். அந்த வார்த்தையை இனிமேல் சொல்வதில்லை என்று பத்து மாதத்துக்கு முன் திருநெல்வேலியில் ஒரு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று தனக்குத்தானே சத்தியம் செய்திருந்தார், அது எப்படியோ வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. அன்றைக்கும் இதே வார்த்தைதான். டிவியில் கபடி, கடைசி மூன்று நிமிடம், இரண்டு பாயிண்ட் வித்தியாசம், பின்வாசலில் இருந்து அவள் கூப்பிட்டாள், "ஏங்க, இந்த வாளியக் கொஞ்சம் பிடிங்களேன்." "இந்தா வாரேன்." வாளி விழுந்த சத்தம்தான் முதலில் கேட்டது. வாளிதானே என்று நினைத்தார். அந்த நினைப்பைத்தான் அவரால் இன்றுவரை கழுவ முடியவில்லை. பிறகு அவள் குரல், அலறல் இல்லை, அழுகை இல்லை, வெறும் "ஏங்க". துவைக்கிற கல்லுக்கு அருகில் சோப்பு நுரையில் ஒருச்சாய்த்துக் கிடந்து, சேலையைக் காலுக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, ஏங்க. இடுப்பெலும்பில் கம்பி வைத்தார்கள். விமான நிலையத்தில் அந்தக் கம்பி கத்தும், அவள் சிரித்துக்கொண்டே இடுப்பைத் தட்டிக் காட்டுவாள், "உள்ள இருக்கு, உள்ள" என்பாள், ஆஸ்லோவில் இருந்த அதிகாரிக்கும் அது புரிந்தது. ஒரு நாளும், ஒரு பேச்சுக்குக்கூட, நீங்க வந்திருந்தா என்று அவள் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டு ஆற்றியிருக்கலாம். அவள் சொல்லாததுதான் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

டாக்டர் சொன்னார், "எலும்பு ஜோராச் சேந்துட்டு சார். இனிமே அவங்க நடக்கணும், அவ்வளவுதான்." அவ்வளவுதான். பயந்த காலை எப்படி நடக்கவைப்பது என்று டாக்டர் சொல்லவில்லை. அடுக்களையில் இருந்து வாசல் கேட்டுக்கு இருபத்திரண்டு எட்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அவர் விடாமல் எண்ணிக்கொண்டு, லெஃப்ட், ரைட், லெஃப்ட். "நான் என்ன உங்க ஒம்பதாங் கிளாஸா?" என்றாள். எண்ணுவதை வாய்க்குள் வைத்துக்கொண்டார். ஒரு நாள் கெட்டிக்காரத்தனமாக நினைத்துக்கொண்டு, அவளுக்குத் தெரியாமல் கையை விட்டுப் பார்த்தார். சைக்கிள் பழகுகிற பையனுக்கு அப்படித்தான் விடுவார். மூன்றாவது எட்டில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்தாள். இரண்டு நாள் பேசவில்லை. அதற்குப் பிறகு அவர் கை இல்லாமல் அவள் ஒரு எட்டு வைத்ததில்லை, கையை அவரும் விட்டதில்லை, ஆறு வாரம் நார்வேயிலும் அப்படியேதான். இதே ஆவுடைதான் ஆறு வருஷத்துக்கு முன் முதல் பயணத்தில் இதே விமான நிலையத்தில் ஓடினாள். திருவனந்தபுரம் விமானத்துக்கு எந்த வரிசை என்று தெரியாமல், பட்டுச்சேலை கட்டிய ஒரு அம்மாளைப் பார்த்து, இந்தம்மா நம்ம பக்கம்தான், பின்னாலேயே நில்லு என்று அவர்தான் நிறுத்திவைத்தார். நாற்பது நிமிடம் நின்ற பிறகு தெரிந்தது, அந்தம்மா கனடாவுக்குக் கல்யாணத்துக்குப் போகிறாள். அப்புறம் ஓட்டம். சேலையைக் கெண்டைக்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொண்டு ஆவுடை முன்னால், மூச்சிரைக்கப் பீட்டி சார் பின்னால். விமானத்தில் ஏறி உட்கார்ந்ததும் அவள் சொன்னாள், "மாவட்ட அளவுல ஓடினவுகளாம்." அதை ஊரில் ஒருவர் பாக்கியில்லாமல் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகவே இன்னொரு பட்டுச்சேலைக்குப் பின்னால் போய் நிற்கலாம்.

பிடரியில் வியர்த்தது. கைக்குட்டையால் துடைத்தார். குளிர்சாதனம் இப்படி அடிக்கிறபோது வியர்வை எங்கிருந்து வருகிறது, வெட்கத்தின் வியர்வையாக இருக்கும். பக்கத்து நாற்காலியில் ஒரு குஜராத்தி அம்மாள். ஒருவேளை ராஜஸ்தானாகவும் இருக்கலாம். கண்ணை மூடி மாலை உருட்டிக்கொண்டிருந்தவள் சட்டென்று எழுந்து, விறுவிறுவென்று கழிப்பறைக்கு நடந்துபோய், விறுவிறுவென்று திரும்பிவந்து, நாற்காலியில் அமர்ந்து, கால்களைத் தூக்கித் தகட்டில் வைத்து, மறுபடியும் நடக்க முடியாதவள் ஆனாள். அவரைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள், கூட்டாளியைப் பார்க்கிற சிரிப்பு. அப்படியானால் இந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிற பதினோரு பேரில் எத்தனை பேர் எழுந்தால் ஓடுவார்கள்? இங்கிலீஷ் தெரியாத பயம், தொலைந்துபோகிற பயம், அதற்கு ஒரு நாற்காலி. பாவம், எல்லாருக்கும் ஒரு பிரமு இருக்கிறாள், டிக்கெட் போடும்போதே அப்பா அம்மா பிரியக் கூடாது என்று நினைக்கிற ஒருத்தி. நல்லா இருக்கட்டும் பிள்ளைகள். அவருக்கு இப்போதெல்லாம் நன்றி பொத்துக்கொண்டு வருகிறது, வயதானால் கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி, காரணம் கேட்காமல். நார்வேக்காரர்கள் எதற்கெடுத்தாலும் தக் என்கிறார்கள், நன்றி என்று அர்த்தமாம். கடையில் தக், கதவைத் திறந்தால் தக், சோற்றைத் தின்றுவிட்டுத் தக். ஆவுடை இறங்குவதற்காகப் பஸ்ஸையே ஒரு பக்கம் தாழ்த்தினான் ஒரு டிரைவர், யானை மண்டியிடுகிற மாதிரி. மலைகளுக்கு நடுவே படகில் போனபோது முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரப் பெண் தன்னுடைய கம்பளியை எடுத்து ஒரு வார்த்தை பேசாமல் ஆவுடையின் முழங்காலில் போர்த்திவிட்டுப் போனாள். ஆகாயத்தில் இருந்து அருவி விழுந்தது, எல்லாரும் போட்டோ எடுத்தார்கள், "இதுல குளிக்க விடுவாவளா?" என்று அவர் கேட்டார், "ஐஸு தண்ணி, விறைச்சுப்போவிய" என்றாள் பிரமு, "அப்ப என்ன அருவி" என்றார், ஆவுடை கம்பளிக்குள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அவர் அந்தக் கம்பளிக்காரிக்குத் தக் சொன்னார், டிரைவருக்குச் சொன்னார், மாப்பிள்ளைக்குக்கூடச் சொன்னார். ஆவுடைக்குச் சொன்னதில்லை. நாற்பத்திரண்டு வருஷத்தில் ஒரு தரம்கூட. வீட்டுக்காரியிடம் போய் நன்றி என்றால் ஆண்டுவிழா மேடையில் பேசி முடித்த மாதிரி இருக்கும், அவளே கைதட்டிவிடுவாள்.

ஒன்பது முப்பத்தெட்டு. வெட்கத்தின் வியர்வை இல்லை இது. விரல் நுனி மெல்ல நடுங்குகிறது. மாத்திரை. சர்க்கரை மாத்திரை போட்டால் அரைமணிக்குள் எதையாவது தின்ன வேண்டும். ஆவுடை தன் கைக்கடிகாரத்தை நார்வேயிலும் மாற்றவில்லை, ஊர் நேரத்திலேயே ஓடும், அதைப் பார்த்துத்தான் மாத்திரையை எடுத்துக் கொடுத்தாள், அவர் விழுங்கினார், டப்பாவை எடுக்கப் பையில் கை விட்டாள், அப்போதுதான் நீலக் கோட்டு வந்தது. இட்லி டப்பா அவள் பையில், மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவி பிரமு அடுக்கிக் கொடுத்தது. பாஸ்போர்ட் இரண்டும், விமானச் சீட்டு இரண்டும் அவர் இடுப்புப் பையில். ஆளுக்குப் பாதி. அவர் இல்லாமல் அவள் விமானம் ஏற முடியாது, அவள் இல்லாமல் அவர் சாப்பிட முடியாது. விமானம் ஏறும் நேரம் பத்து இருபது என்று சீட்டில் போட்டிருக்கிறது. அவளை எந்த வாசலில் விட்டிருப்பார்கள்? வாசல் மாறியிருந்தால்? சென்ற தடவை மாறியது. நீலக் கோட்டு அவளை ஒரு ஓரமாக நிறுத்திவிட்டு வேறு யாரையோ தள்ளப் போயிருப்பாள். அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள், திருப்பி வைக்கக்கூட ஆள் இல்லாமல். எழுந்து தேட மாட்டாள், யாரிடமும் கேட்கத் தெரியாது, கழுத்தைத் திருப்பிப் போகிறவர் வருகிறவரை எல்லாம் பார்ப்பாள், மணியைப் பார்ப்பாள், இவர் இந்தா வாரேன் என்று சொன்னதை நினைப்பாள். நினைக்காமல் இருப்பாளா. எழுந்திருக்கலாமா. எழுந்தால் பொய்யன். இவ்வளவு நேரம் முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டிருந்த பெரியவர் ஜம்மென்று நடந்துபோனால் அந்த மேஜைக்குப் பின்னால் இருக்கிறவர்கள் என்ன நினைப்பார்கள், பிரமு பெயரைக் கணினியில் ஏதாவது குறித்துவிடுவார்களோ, அடுத்தவாட்டி தரமாட்டாவ, அடுத்தவாட்டி, அடுத்தவாட்டி இல்லாமலே போய்விட்டால்? இன்னும் இரண்டு நிமிடம் பார்க்கலாம். அன்றைக்கும் மூன்று நிமிடம்தான் பாக்கி இருந்தது. இரண்டு பாயிண்ட் வித்தியாசம். யார் ஜெயித்தார்கள் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. எங்கோ ஒரு வாசலில், ஒரு பாஷை தெரியாத கூட்டத்துக்கு நடுவில், அவள் மெல்ல, அலறாமல், ஏங்க என்று கூப்பிடுவது அவருக்குக் காதில் விழுந்தமாதிரியே இருந்தது.

எழுந்துவிட்டார். முழங்கால் மடமடவென்றது, அவ்வளவு நேரம் உட்கார்ந்த கோபம். மேஜைக்குப் பின்னால் இருந்தவன் "சார், சார்" என்றான். "பத்து மாசம் லேட்டு தம்பி" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு நடந்தார். குஜராத்தி அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். நடந்தார், வாசனைக் கடைகளைக் கடந்து, தங்க நகைக் கடையைக் கடந்து, கால் லேசாக மிதந்தது, தலையும் மிதந்தது, பரவாயில்லை, நீளமான நடைபாதை, நடுவில் நகருகிற தரை, ஜனங்கள் அதில் நின்றுகொண்டே போகிறார்கள், ஒரு வாசல், இரண்டு வாசல், சுவரோரமாக நிறுத்தியிருக்கிற சக்கர நாற்காலி எதிலும் அவள் இல்லை. எதிர்ப்பக்கத்தில் இருந்து ஒரு காலி நாற்காலி வந்தது. நகருகிற தரையில் ஏறாமல், ஓரமாக, மெதுவாக, கொஞ்சம் கோணலாக. அதன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அரக்குச் சேலை. பிரமு போட்டுவிட்ட ஊதா ஸ்வெட்டர். பக்கத்தில் நீலக் கோட்டு, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, முதல் எட்டு வைக்கிற பிள்ளைக்குப் பின்னால் போகிற தாயைப் போல. அவருடைய கால் ஓட எழுந்தது. வாயில் அந்த வார்த்தை வந்துவிட்டது. இந்தா. அவர் அதை அப்படியே கடித்து விழுங்கினார். இப்போது ஓடிப்போய்க் கையைப் பிடித்தால் அவள் பிடித்துக்கொள்வாள். அப்புறம் விடவே மாட்டாள். நின்றார். நடைபாதைக்கு நடுவில், பெட்டிகள் இரண்டு பக்கமும் உருண்டு போக, நின்றார், முப்பத்துநாலு வருஷம் எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றமாதிரி. அவள் அவரைப் பார்த்துவிட்டாள். நிற்கவில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு, வலியா கோபமா தெரியவில்லை, வந்துகொண்டே இருந்தாள். அவர் வாய்க்குள் எண்ணினார். இருபத்திரண்டைத் தாண்டியபோது கண்ணைத் தண்ணீர் மறைத்துவிட்டது, அதற்குப் பிறகு எண்ணிய கணக்கை நம்ப முடியாது.

"என்ன எந்திரிச்சு வந்துட்டிய? பிள்ள என்ன சொல்லிவிட்டா?" என்றாள் ஆவுடை, மூச்சு வாங்கிக்கொண்டு. "நீ என்னட்டி நடந்து வார?" "பின்ன? நம்மூர் மணி பதினொண்ணேகால் ஆச்சு. மாத்திரையப் போட்டுட்டு வெறும் வயித்தோட அங்கன மயங்கிக் கெடந்தா யாரு பாப்பா? இந்தம்மாவ டப்பாவக் காட்டிக் காட்டிக் கேக்கேன், அவளுக்குப் புரியலை, வேண்டாம் வேண்டாம்னு சிரிக்கா, அவளுக்கு இட்லி குடுக்கேன்னு நெனைச்சுட்டா. இவளையும் உங்ககிட்ட வரவிடலை, அங்க ஒருத்தன் வேற யாரையோ தள்ளச் சொல்லிட்டான். எம்புட்டு நேரந்தான் பாக்க? எந்திரிச்சுட்டேன்." நெற்றி வியர்வையை ஸ்வெட்டர் கையால் துடைத்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். "இந்தா வாரேன்னிய. நீங்க இந்தா வாரேன்னா எப்ப வருவியன்னு எனக்குத் தெரியாதா?" பத்து மாதமாக அவள் சொல்லாமல் வைத்திருந்தது அதுதான். அவருக்குச் சுருக்கென்றது, அந்தச் சுருக்கோடு நெஞ்சில் எதுவோ கழன்று விழுந்தது, ஏனென்றால் அவள் அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தாள், பட்டுச்சேலை அம்மாளைச் சொல்லிச் சிரித்த அதே சிரிப்பு. நீலக் கோட்டுப் பெண்மணி அவரை உச்சி முதல் ஷூ வரை பார்த்தாள். "சார்! யூ வாக்கிங்!" என்றாள். திருட்டு முழி முழித்தார் பீட்டி சார். ஆவுடைதான் காப்பாற்றினாள். நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள். "உக்காருங்க. மூஞ்சி வெளுத்துக் கெடக்கு." "நீ உக்காரு, நான் தள்ளுதேன்." "சொன்னாக் கேக்கணும். காலியாத் தள்ளினா இந்தச் சவத்து நாற்காலி முன்னால முன்னால ஓடுது, பிடிச்சு நிக்க முடியலை. ஆளு இருந்தாத்தான் அசையாம நிக்கும்."

அவர் உட்கார்ந்தார். காலைத் தூக்கித் தகட்டில் வைத்தார், ஷூவோடு, யாரும் பார்க்கட்டும் என்று. நீலக் கோட்டுப் பெண்மணி கைப்பிடிக்குக் கை நீட்டினாள். அவர் ஒரு கையை உயர்த்தித் தடுத்தார், மைதானத்தில் ஆட்டத்தை நிறுத்துகிற கை. "நோ. மேடம் வாக்கிங். லெட் மேடம்." அவள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஏதோ புரிந்தது போலிருக்கிறது, சிரித்துக்கொண்டு ஒதுங்கி, வழிகாட்ட முன்னால் நடந்தாள். மடியில் டப்பா வந்து விழுந்தது. மூடியைத் திறந்தார், நல்லெண்ணெய் வாசம் அந்த வாசனைக் கடைகளையெல்லாம் தோற்கடித்தது. கைப்பிடியில் அவள் பாரம் இறங்குவது முதுகில் தெரிந்தது. சக்கரம் அரை வட்டம் உருண்டு, தயங்கி, மறுபடி உருண்டது. "ஆவுடை." "என்ன?" "தக்." "என்னது?" "தக்குன்னேன்." "தக்கு முக்குன்னுட்டு. இட்லியத் தின்னுங்க." தின்றார். பின்னால் அவளுடைய செருப்புச் சத்தம், ஒன்று பலமாக, ஒன்று மெல்ல, ஒன்று பலமாக. அவர் எண்ணவில்லை.